இணையப் பயணக் கம்பெனிகளும் அவற்றின் போட்டியும்

படிப்பு வட்டத்திற்கான பாடம்

விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். இருவரையும் சந்திக்க வைப்பவர் மூன்றாமவர். அவர் பெறும் கூலிக்குத் தரகு என்று பெயர். சேலையை நெய்தவரும், மூட்டையை மண்டியில் இறக்கியவரும் இம்மூன்றாமவரைத் தலைமுறை தலைமுறையாக அறிவர். அவருடைய கூலி எவ்வளவு இருந்தால் நியாயம் என்னும் கேள்வியே நம் சங்கங்கள் தோன்றியதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

அதே கேள்வி இன்று வேறொரு தொழிலில் உலகெங்கும் எழுந்திருக்கிறது. வெளியூர் செல்கிறவர் கைபேசியை எடுத்து, விமான டிக்கட்டையும் பஸ் இருக்கையையும் தங்கும் அறையையும் சில நிமிஷங்களில் பதிவு செய்துகொள்கிறார். இந்தச் சௌகரியத்தை அளிக்கும் கம்பெனிகள் தாம் விற்கும் அறையைக் கட்டியவையல்ல, விமானத்தை ஓட்டுபவையுமல்ல. ஆயினும் அறைக்குச் சொந்தக்காரர் எந்த விலைக்கு விற்கலாம் என்பதில் இவற்றின் சொல் பல இடங்களில் ஓங்கி நிற்கிறது. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, இக்கம்பெனிகள் வாடிக்கைக்காரரைப் பிடிக்கத் தமக்குள் எவ்வாறு போட்டியிடுகின்றன, அப்போட்டியின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பவற்றை வரிசையாக ஆராய்வோம். நம் சரக்கையும் இணையக் கடைகளில் ஏற்றும் காலம் வந்துவிட்டபடியால், இது நமக்குப் புறம்பான விஷயமன்று.

1. முதல் வரிக்கு நடந்த போட்டி

இப்போட்டி இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற விமானக் கம்பெனியும் ஐ.பி.எம். என்ற கணிப்பொறிக் கம்பெனியும் சேர்ந்து, இருக்கைகளைப் பதிவு செய்ய சேபர் என்னும் கணிப்பொறி அமைப்பை 1960-ஆம் ஆண்டுகளில் உருவாக்கின. முதலில் அது விமானக் கம்பெனியின் சொந்த அலுவலகங்களில் மட்டுமே இருந்தது. 1976 முதல் பயண ஏஜண்டுகளின் மேஜைகளுக்கும் அதன் திரைகள் வந்து சேர்ந்தன. யுனைடெட் என்ற மற்றொரு கம்பெனி அப்பல்லோ என்ற போட்டி அமைப்பை நிறுவியது.

ஏஜண்டு வேலை அவசரமான வேலை. எதிரே பயணி உட்கார்ந்திருப்பார். திரையில் முதலில் தெரியும் விமானத்தையே ஏஜண்டு பெரும்பாலும் சொல்வார். திரை யாருக்குச் சொந்தமோ, அவருடைய விமானங்கள் மேலே வரலாயின. மற்றவர்களுடைய விமானங்கள், கட்டணம் குறைவாக இருந்தாலும், நேரம் வசதியாக இருந்தாலும், கீழே தள்ளப்பட்டன. மற்றக் கம்பெனிகள் முறையிட்டதன் பேரில், அமெரிக்க அரசாங்கத்தின் விமானப் போக்குவரத்து வாரியம் 1984-ல் விதிகள் வகுத்து, வரிசையில் இவ்வாறு பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்தது.

இதில் அடங்கிய பாடம் எளிது. பட்டியலை எழுதுகிறவர் வியாபாரத்தில் பாதியை வென்றவராகிறார். பின்னர் வந்த எல்லாப் போட்டியும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே நடந்து வருகிறது.

2. புதிய கடைகள் தோன்றிய விதம்

1996-ல் மூன்று கடைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் திறக்கப்பட்டன. மைக்ரோசாப்ட் கம்பெனி எக்ஸ்பீடியாவைத் தொடங்கியது. சேபர் அமைப்பிலிருந்து டிராவலாசிட்டி வெளிவந்தது. நெதர்லாந்தில் கெர்ட்-யான் புரூன்ஸ்மா என்ற இளைஞர், ஹோட்டல் அறைகளைப் பதிவு செய்யும் ஒரு சிறு வலைத்தளத்தை ஆரம்பித்தார். அதுவே இன்றைய புக்கிங் டாட் காம். 1998-ல் அமெரிக்காவில் பிரைஸ்லைன் தோன்றியது. பயணி தான் கொடுக்கக்கூடிய விலையைத் தானே சொல்ல, அதற்கு இசையும் கம்பெனி டிக்கட் கொடுக்கும் என்பது அதன் புதுமை.

ஆரம்பத்தில் இவை விமான டிக்கட்டையே பெரிதும் நம்பின. ஆனால் அமெரிக்க விமானக் கம்பெனிகள் 1995 முதல் ஏஜண்டுகளின் தரகுக்கு உச்ச வரம்பு விதித்தன. 2002-ல் அடிப்படைத் தரகையே நிறுத்திவிட்டன. விமானக் கம்பெனிகள் சில, அவை பெரியவை, சொந்தமாக விற்கும் ஆற்றல் உள்ளவை. ஹோட்டல்களோ பல, பெரும்பாலும் சிறியவை, ஒன்றையொன்று அறியாதவை. எனவே தரகு கிடைக்கும் இடம் ஹோட்டல்தான் என்பதைக் கம்பெனிகள் விரைவில் கண்டுகொண்டன. சிதறிக் கிடக்கும் விற்பனையாளர்களிடமே தரகருக்கு வலிமை மிகுதி என்பதை அங்கத்தினர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் மேக்மைட்ரிப் 2000-ல் நிறுவப்பட்டு, 2005-ல் இந்தியப் பயணிகளுக்காகக் கடை திறந்தது. யாத்ரா, கிளியர்டிரிப் ஆகியவை 2006-ல் வந்தன. அதே ஆண்டில் பெங்களூரில் பஸ் இருக்கைகளுக்காக ரெட்பஸ் தோன்றியது. ரயில் விஷயம் மட்டும் வேறாக அமைந்தது. இந்திய ரயில்வே தன் சொந்த ஸ்தாபனமான ஐ.ஆர்.சி.டி.சி. வாயிலாக 2002-ல் இணைய டிக்கட் விற்பனையைத் தொடங்கிற்று. மற்றக் கம்பெனிகள் ரயில் டிக்கட் விற்க விரும்பினால் அந்த ஸ்தாபனத்தின் அனுமதி பெற்று, அது விதிக்கும் நிபந்தனைப்படியே விற்க வேண்டும். கல்லாப்பெட்டியைத் தன் கையில் வைத்துக்கொண்ட விற்பனையாளருக்கும், அதைப் பிறரிடம் ஒப்படைத்தவருக்கும் உள்ள வேற்றுமை இதிலிருந்து விளங்கும்.

3. பணம் கைமாறும் இரண்டு முறைகள்

அறையை விற்பதில் இரண்டு முறைகள் வழக்கத்திற்கு வந்தன.

முதலாவது, வியாபாரி முறை. கம்பெனி ஹோட்டலோடு ஒப்பந்தம் செய்து, குறைந்த விலையில் அறைகளைப் பெறுகிறது. அதன்மேல் தன் லாபத்தை ஏற்றிப் பயணியிடம் விற்கிறது. பயணி பதிவு செய்யும்போதே பணம் கட்டிவிடுகிறார். ஹோட்டலுக்கு அப்பணம் பயணி தங்கிச் சென்ற பிறகே சேரும். இடைப்பட்ட காலம் முழுவதும் பணம் கம்பெனியிடம் இருக்கும். எக்ஸ்பீடியா இம்முறையில் வளர்ந்தது.

இரண்டாவது, ஏஜண்டு முறை. விலையை ஹோட்டல்காரரே குறிப்பிடுகிறார். பயணி ஹோட்டலுக்கு வந்து பணம் கட்டுகிறார். பின்னர் ஹோட்டல்காரர் கம்பெனிக்குத் தரகு அனுப்புகிறார். புக்கிங் டாட் காம் இம்முறையைக் கையாண்டது. ஐரோப்பாவில் குடும்பங்கள் நடத்தும் சிறு ஹோட்டல்கள் ஏராளம். முன்கூட்டி அறைகளை ஒதுக்கித் தர அவர்களால் இயலாது. சிக்கலான ஒப்பந்தமும் அவர்களுக்கு ஒத்து வராது. எனவே அவர்கள் இம்முறையில் எளிதாகச் சேர்ந்தனர். பயணியும் முன்பணம் கட்ட வேண்டாமையால் அச்சமின்றிப் பதிவு செய்தார். 2005-ல் பிரைஸ்லைன் இந்த நெதர்லாந்துக் கடையைச் சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கியது. பிற்காலத்தில் வாங்கிய கம்பெனியே அதன் பெயரால் வழங்கலாயிற்று. 2018 முதல் தாய்க் கம்பெனியின் பெயர் புக்கிங் ஹோல்டிங்ஸ்.

இப்பொழுது இரு பெரிய கம்பெனிகளும் இரண்டு முறைகளையும் கலந்தே நடத்துகின்றன. பணத்தை முன்னதாகத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளும் பக்கமாகவே புக்கிங்கும் சாய்ந்து வருகிறது.

4. தரகு எங்கே போகிறது?

சிறு ஹோட்டல்களிடம் நூற்றுக்கு 15 முதல் 25 வரை தரகு வாங்குவது பரவலான வழக்கம். உதாரணமாக, ஓர் அறையின் வாடகை நாளொன்றுக்கு 2,000 ரூபாய் என்றும், தரகு நூற்றுக்கு 20 என்றும் வைத்துக்கொள்வோம். பயணி கொடுப்பது 2,000. கம்பெனிக்குப் போவது 400. ஹோட்டல்காரர் கையில் நிற்பது 1,600. படுக்கை விரிப்பு, மின்சாரம், வேலையாள் சம்பளம், கட்டடக் கடன் அனைத்தும் இந்த 1,600-க்குள் அடங்க வேண்டும்.

அந்த 400 ரூபாயும் கம்பெனியின் லாபமா என்றால், அதுவும் இல்லை. 2023-ஆம் ஆண்டில் புக்கிங் ஹோல்டிங்ஸின் மொத்த வருமானம் ஏறத்தாழ 2,140 கோடி டாலர். அதே ஆண்டில் விளம்பரத்திற்கும் விற்பனைப் பெருக்கத்திற்கும் அது செலவிட்டது ஏறத்தாழ 680 கோடி டாலர். வருமானத்தில் நூற்றுக்கு 32 பங்கு வாடிக்கைக்காரரைக் கூப்பிடுவதற்கே செலவாயிற்று. நம் உதாரணத்தில் வைத்துப் பார்த்தால், 400 ரூபாயில் ஏறக்குறைய 128 ரூபாய் விளம்பரத்திற்குப் போகிறது.

இப்பணத்தில் பெரும் பங்கு எங்கே சேர்கிறது என்பதும் அறியத்தக்கது. பயணி ஓர் ஊரின் பெயரையும் ஹோட்டல் என்ற சொல்லையும் கூகுளில் தட்டுகிறார். வரும் பட்டியலின் தலைப்பில் யார் பெயர் நிற்பது என்பதை ஏலம் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறை பயணி அப்பெயரைத் தொடும்போதும், ஏலத்தில் தீர்மானமாகும் தொகையைக் கம்பெனி கூகுளுக்குக் கட்ட வேண்டும். பயணி அறையைப் பதிவு செய்யாமலே திரும்பிவிட்டாலும் பணம் பணமே. சில வேளைகளில், ஒரு ஹோட்டலின் சொந்தப் பெயரையே பயணி தேடினாலும், அந்த ஹோட்டலின் வலைத்தளத்திற்கு மேலே கம்பெனியின் விளம்பரம் நிற்கும். ஹோட்டல்காரர் கொடுத்த தரகிலிருந்தே அவருடைய பெயர் ஏலத்தில் எடுக்கப்படுகிறது!

ஆகத் தரகருக்கும் மேலே ஒரு தரகர் உண்டு. அவரும் சும்மா இருக்கவில்லை. 2010-ல் கூகுள், விமானக் கட்டணங்களைத் தேடித் தொகுக்கும் ஐ.டி.ஏ. என்ற கம்பெனியை 70 கோடி டாலருக்கு வாங்க ஏற்பாடு செய்தது. அமெரிக்க நீதித்துறை நிபந்தனைகள் விதித்து 2011-ல் அனுமதித்தது. அவ்வாண்டிலேயே கூகுளின் சொந்த விமானத் தேடல் தொடங்கிற்று. சந்தையின் சொந்தக்காரரே சந்தையில் கடை பரப்பினால் மற்றக் கடைக்காரர் நிலை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

5. போட்டியின் ஆயுதங்கள்

விளம்பரத்தைத் தவிர இக்கம்பெனிகள் கையாளும் உபாயங்கள் நான்கு.

முதலாவது, வாடிக்கைச் சலுகை. ஏலத்தில் விலை கொடுத்து வாங்கிய பயணி அடுத்த தடவை நேரே தம் செயலிக்கே வந்துவிட்டால் கூகுளுக்குக் கட்டும் பணம் மிச்சம். அதற்காகவே புக்கிங் டாட் காம் ஜீனியஸ் என்ற சலுகைத் திட்டத்தையும், எக்ஸ்பீடியா 2023-ல் ஒன் கீ என்ற திட்டத்தையும் வகுத்தன. ஜீனியஸ் திட்டத்தில் பயணிக்குக் கிடைக்கும் தள்ளுபடியை ஹோட்டல்காரரே தாங்குகிறார். நம் உதாரணத்தில் நூற்றுக்கு 10 தள்ளுபடி கொடுத்தால் அறை விலை 1,800 ஆகும். தரகு 360 போக ஹோட்டல்காரருக்கு மிஞ்சுவது 1,440. சலுகைக்கு நன்றியோ கம்பெனிக்குச் சேரும்.

இரண்டாவது, வரிசை. சேபர் காலத்து முதல் வரிப் போட்டி இன்னும் ஓயவில்லை. அதிகத் தரகு தர இசையும் ஹோட்டலுக்கு மேலான இடம் தரும் திட்டங்கள் உண்டு. பல கடைகளின் விலையை ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லும் ட்ரிவாகோ என்ற வலைத்தளத்தின் மேல் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. தனக்கு அதிகப் பணம் தரும் கடையின் விலையையே அது முதன்மையாக எடுத்துக் காட்டியது என்றும், ஆராய்ந்த பட்டியல்களில் மூன்றில் இரண்டு பங்கில் அதைவிட மலிவான விலை வேறிடத்தில் இருந்தது என்றும் விசாரணையில் வெளிவந்தது. நீதிமன்றம் 2020-ல் அந்த வலைத்தளம் மக்களைத் தவறான வழியில் செலுத்தியது எனத் தீர்ப்பளித்து, 2022-ல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

மூன்றாவது, அவசரப்படுத்துதல். “இன்னும் ஓர் அறைதான் பாக்கி”, “இந்த அறையை இப்பொழுது பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்னும் வாசகங்களை நம்மில் பலர் கண்டிருக்கலாம். பிரிட்டனின் போட்டி ஆணையம் இவற்றை விசாரித்தது. எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம், அகோடா, ஹோட்டல்ஸ் டாட் காம், இபுக்கர்ஸ், ட்ரிவாகோ ஆகிய ஆறும் இவ்வழக்கங்களைத் திருத்திக்கொள்வதாக 2019-ல் உறுதி கூறின. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட விதிமுறைகளில், இணைய வியாபாரத்தில் செய்யத்தகாத 13 தந்திரங்களைப் பட்டியலிட்டது. பொய்யான அவசரம், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், கட்டணத்தைச் சிறுகச் சிறுக வெளிப்படுத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

நான்காவது, போட்டியாளரையே வாங்கிவிடுதல். மேலே சொன்ன ஆறு பெயர்களையும் மறுபடி பாருங்கள். அவற்றுள் புக்கிங், அகோடா இரண்டும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை. மற்ற நான்கும் எக்ஸ்பீடியா வீட்டைச் சேர்ந்தவை. பிரைஸ்லைன் 2007-ல் அகோடாவையும் 2013-ல் கயாக்கையும் சேர்த்துக்கொண்டது. எக்ஸ்பீடியா 2015-ல் டிராவலாசிட்டியையும் ஆர்பிட்ஸையும் வாங்கியது. நம் நாட்டில் மேக்மைட்ரிப் 2017-ல் ஐபிபோவோடு இணைந்தபோது, கோஐபிபோவும் ரெட்பஸ்ஸும் அதனிடம் வந்தன. ஆறு கடை ஏறி இறங்கி விலை விசாரித்ததாகப் பயணி நினைக்கிறார். உண்மையில் அவர் விசாரித்தது இரண்டு முதலாளிகளிடமே.

6. சம விலை நிபந்தனை

இவையெல்லாவற்றையும் விட ஹோட்டல்காரரை இறுக்கியது வேறொன்று. ஒப்பந்தத்தில் எழுதப்படும் சம விலை நிபந்தனையே அது. “எங்கள் வலைத்தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைந்த விலைக்கு நீர் வேறெங்கும், உமது சொந்த வலைத்தளத்திலும்கூட, விற்கலாகாது” என்பது அதன் சாரம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் ஹோட்டல்காரர் நேரே வரும் பயணிக்கு 1,800 ரூபாய்க்கு அறை கொடுக்க விரும்புகிறார். பயணிக்கு 200 ரூபாய் மிச்சம். ஹோட்டல்காரருக்கும், கம்பெனி வழியாகக் கிடைக்கும் 1,600-ஐக் காட்டிலும் 200 ரூபாய் அதிகம். இருவருக்கும் நன்மை தரும் இந்த வியாபாரத்தை நிபந்தனை தடுத்துவிடுகிறது. மேலும், தரகு குறைவான ஒரு புதிய கம்பெனி வந்து, “என் வழியாக விற்றால் விலையைக் குறைக்கலாம்” என்று சொல்லவும் வழியில்லை. தரகைக் குறைப்பதால் பயன் இல்லையென்றால் தரகு ஏன் குறையும்?

ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2013 டிசம்பரில் எச்.ஆர்.எஸ். என்ற கம்பெனியின் நிபந்தனையையும், 2015 டிசம்பரில் புக்கிங் டாட் காமின் நிபந்தனையையும் தடை செய்தது. வழக்கு மேலே சென்று, 2021 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. பிரான்ஸ் 2015-ல் சட்டத்தின் மூலமே இந்நிபந்தனையைச் செல்லாததாக்கியது. ஆஸ்திரியா, இத்தாலி, பெல்ஜியம் ஆகியவை பின்தொடர்ந்தன. 2024-ல் ஸ்பெயினின் ஆணையம் புக்கிங் டாட் காமுக்கு 41 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அக்கம்பெனியைச் சந்தையின் வாயில் காப்போர் வரிசையில் சேர்த்தது. அதனால் நவம்பர் முதல் ஒன்றியம் முழுவதிலும் இந்நிபந்தனையை அது கைவிட வேண்டியதாயிற்று.

இந்தியாவில் ஹோட்டல், உணவு விடுதிச் சங்கங்களின் கூட்டமைப்பு புகார் செய்தது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப், கோஐபிபோ கம்பெனிக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. சம விலை நிபந்தனையை நீக்குமாறும் உத்தரவிட்டது. ஓயோவுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ட்ரீபோ, ஃபேப் ஹோட்டல்ஸ் ஆகிய போட்டியாளர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் குற்றமெனக் கண்டது. தனி ஹோட்டல்காரர் ஒருவர் புகார் செய்திருந்தால் அதற்குப் பின் பட்டியலில் அவர் பெயர் எந்த இடத்தில் நின்றிருக்கும் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கும். சங்கமாகச் சேர்ந்தபடியால் அந்த அச்சமின்றிப் பேச முடிந்தது.

7. கம்பெனிகள் தரப்பு நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுதல் முறையாகாது. கம்பெனிகள் சொல்வதாவது: “பயணி எங்கள் கடையில் வந்து ஹோட்டலைக் கண்டுபிடிக்கிறார், படம் பார்க்கிறார், தங்கியவர்களின் அபிப்பிராயம் படிக்கிறார். பிறகு ஹோட்டலுக்கே போன் செய்து மலிவாகப் பதிவு செய்தால் எங்கள் செலவுக்கு யார் பொறுப்பு?”

இதில் உண்மை உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2009-ல் சில ஹோட்டல்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. எக்ஸ்பீடியா பட்டியலில் பெயர் இருந்த காலத்தில் அவற்றுக்கு மற்ற வழிகளிலும் பதிவுகள் நூற்றுக்கு 7.5 முதல் 26 வரை கூடின என்று கண்டனர். பட்டியல் ஒரு விளம்பரப் பலகையாகவும் உதவுகிறது என்பது இதனால் புலப்படும். வெளிநாட்டுப் பயணி ஒருவர் முன்பின் அறியாத மலையூர்ச் சிறு விடுதியை நம்பிப் பணம் கட்டுவதும் இக்கம்பெனிகளால் இயன்ற காரியமே. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானக் கம்பெனி பல்லாண்டுகள் தன் டிக்கட்டுகளை இக்கடைகளுக்குத் தராமல் சொந்தமாகவே விற்று வந்தது. 2025-ல் அதுவும் எக்ஸ்பீடியாவில் ஏறியது. பெரியவர்க்கும் பொதுக் கடைத்தெரு தேவைப்படுகிறது.

எனவே தரகர் பயனற்றவர் என்பது நம் வாதமன்று. பயனுக்கு ஏற்ற கூலி என்பதே நம் கோரிக்கை. கூலியைப் பேசித் தீர்மானிக்கும் வலிமை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அது நியாயமான கூலியாக இராது.

8. கூட்டாகச் செய்த முயற்சிகள்

விற்பவர்களும் பயணிகளும் தாமே கூடிச் செய்த ஏற்பாடுகள் சிலவற்றையும் நாம் அறிதல் நலம்.

அமெரிக்காவில் 1946-ல் கலிபோர்னியா ஹோட்டல்காரர்கள் சிலர் பெஸ்ட் வெஸ்டர்ன் என்ற பெயரில் கூடினர். தம்மிடம் தங்கிய பயணி அடுத்த ஊருக்குப் புறப்படும்போது, அவ்வூரிலுள்ள சக அங்கத்தினருக்குத் தொலைபேசியில் சொல்லி அறை ஏற்பாடு செய்தனர். ஒவ்வொரு ஹோட்டலும் அதன் சொந்தக்காரரிடமே இருந்தது. பெயரும் பதிவு முறையும் பொதுவாயின. பல்லாண்டுகள் அது அங்கத்தினருக்கு உரிய ஸ்தாபனமாகவே நடந்து, உலகெங்கும் பரவியது.

சுவிட்சர்லாந்தில் 1939-ல் ரேகா என்ற கூட்டுறவுப் பயண நிதி தொடங்கப்பட்டது. சாதாரணக் குடும்பங்களும் சிறுகச் சேமித்து விடுமுறைக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். அது இன்றும் நடக்கிறது. அண்மைக் காலத்தில் இத்தாலியில் தோன்றிய ஃபேர்பிஎன்பி என்ற கூட்டுறவு ஸ்தாபனம், தான் வாங்கும் கட்டணத்தில் பாதியைப் பயணி தங்கும் ஊரின் பொதுக் காரியங்களுக்குக் கொடுக்கிறது.

புதிய கூட்டுறவு முயற்சிகள் பெரிய கம்பெனிகளோடு ஒப்பிடத்தக்க அளவில் வளரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. காரணம் நாம் முன்பே கண்டதுதான். 680 கோடி டாலர் செலவிடும் ஏலக் கூடத்தில் சிறு சங்கம் கை தூக்க முடியாது. ஆனால் பெஸ்ட் வெஸ்டர்ன் அங்கத்தினர்கள் தம்மிடம் ஏற்கெனவே வந்துவிட்ட பயணியை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்டனர். அதற்குச் செலவு ஒரு தொலைபேசி அழைப்பே. ஏலத்தில் புகாமல் வாடிக்கையைக் காத்துக்கொள்ளும் வழி அது.

9. நமக்கு உரிய முடிவுகள்

நெசவுச் சரக்கும் விளைபொருளும் இணையக் கடைகளில் விற்கப்படும் இக்காலத்தில், ஹோட்டல்காரர் கண்ட அனுபவம் நமக்கு முன்னெச்சரிக்கையாகும்.

ஒன்று: பெரிய கடையில் சரக்கை வைக்கலாம், ஆனால் வாடிக்கைக்காரரின் பெயரும் விலாசமும் சங்கத்தின் பேரேட்டில் ஏற வேண்டும். அவர் யார் என்பதைத் தரகர் மட்டும் அறிந்தால், அவர் தரகருக்கே வாடிக்கை.

இரண்டு: ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வேறிடத்தில் விலை குறைக்கலாகாது என்ற வாசகம் இருக்கிறதா என்று காரியதரிசி வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

மூன்று: தரகோடு, தள்ளுபடியை யார் தாங்குவது, பணம் எத்தனை நாளில் வரும், திரும்பி வரும் சரக்கின் செலவு யாருடையது என்பவற்றையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். நூற்றுக்கு 20 என்று எழுதிய தரகு முடிவில் 28 ஆக நிற்கலாம். முன்னே பார்த்த 2,000 ரூபாய் அறை, தள்ளுபடிக்குப் பின் 1,440 ஆனது இவ்வாறே.

நான்கு: ஒரே கடையின் மூலம் நம் விற்பனையில் பெரும் பகுதி போகுமாயின், அதை வெற்றி என்று கருதுமுன் யோசிக்க வேண்டும். அக்கடை தரகை உயர்த்தும் நாளில் நாம் எங்கே போவோம் என்பதற்கு இன்றே விடை வேண்டும்.

ஐந்து: புகார் இருந்தால் தனியாக எழுதாமல் சங்கங்கள் சேர்ந்து எழுத வேண்டும்.

சிதறியிருப்பவரிடம் தரகு கூடும். சேர்ந்திருப்பவரிடம் தரகு பேசப்படும். விமானக் கம்பெனிகள் பெரியவையாயிருந்ததால் தரகை நிறுத்தின. ஹோட்டல்காரர் சங்கமாய்க் கூடியதால் நிபந்தனையை எதிர்த்து வாதாடினர். நாம் ஏற்கெனவே சங்கமாகக் கூடியவர்கள். அந்த வலிமையை இணையச் சந்தையிலும் உபயோகிப்பதே நம் முன் உள்ள வேலை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. வியாபாரி முறை, ஏஜண்டு முறை ஆகிய இரண்டில் சிறு உற்பத்தியாளருக்கு எது ஏற்றது? காரணம் கூறுக.

2. ஒரு சேலையின் விலை 3,000 ரூபாய். தரகு நூற்றுக்கு 18. தள்ளுபடி நூற்றுக்கு 10, அதுவும் சங்கத்தின் பொறுப்பு. தள்ளுபடி போக நின்ற விலைக்கே தரகு என்றால் சங்கத்திற்குக் கிடைப்பது எவ்வளவு? நேரே 2,700 ரூபாய்க்கு விற்றால் வேற்றுமை எவ்வளவு?

3. ரயில்வே தன் டிக்கட் விற்பனையைத் தன் கையில் வைத்துக்கொண்டதால் பயணிக்கு உண்டான நன்மை தீமைகள் யாவை?

4. சென்ற ஆண்டு நம் சங்கத்தில் சரக்கு வாங்கியவர்களில் எத்தனை பேரின் விலாசம் நம்மிடம் இருக்கிறது? இல்லையாயின், அதைச் சேர்க்கும் பொறுப்பை யார் ஏற்பது?